மலைக்குப் போயிருக்கிறாள்

மார்ச் 9

சின்னவளுக்கு,

வந்து சேர்ந்ததை வேன்காரர் உனக்குச் சொல்லியிருப்பார். உன் அறைச் சன்னல் சரியாக மூடவில்லை. அட்டையை மடித்துச் செருகியிருக்கிறேன். அலமாரியில் உன் மழைக்கோட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கி என் புத்தகங்களை வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

போனில் பேசினால் மறுபடி சண்டைதான் வரும், எழுதினாலாவது அடித்துவிட்டு எழுதலாம் என்று நீ சொன்னது சரிதான். இதற்குள்ளேயே இரண்டு இடத்தில் அடித்துவிட்டேன்.

நம் ஏற்பாட்டை எழுதி வைக்கிறேன், பிறகு நீ ஒன்று நான் ஒன்று சொல்ல வேண்டாம். இந்த ஒரு வருடம் நீ அப்பாவோடு இருப்பாய். நான் உன் சுற்றுலா ஆட்களை மலைக்கு நடத்திப் போய், வழியில் சாப்பிட வைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவேன். அடுத்த மார்ச்சில் யார் எங்கே என்று பேசுவோம்.

முதல் வாரம் முடிந்தது. காலையில் ஆபீஸ் வாசலில் தலைகளை எண்ணுகிறேன். செருப்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி ஷூ மாட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். ஏறும் வழியில் ஆட்டுக்கார அம்மா வீட்டில் சீஸ், உச்சிக் குடிசையில் சூப், அந்தப் பக்கம் இறங்கினால் ரொட்டிக்காரர். அங்கே வேன் நிற்கிறது. கால் வலி போகப்போகப் பழகிவிடும். பேசுவதுதான் கஷ்டம். துறையை இழுத்து மூடும்வரை கல்லூரியில் வரலாறு நடத்தியவளுக்குப் பேச வராதா என்பாய். அங்கே பாதிப் பேர் தூங்குவார்கள், எனக்கும் நிம்மதி. இங்கே எட்டுப் பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ரொட்டிக்காரரின் அடுப்பை அவருடைய கொள்ளுத் தாத்தா மூட்டினார், அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை என்று நிஜமாகவே எல்லாரிடமும் சொல்கிறாயா? நேற்று நின்று பார்த்தேன். அந்தச் செங்கல் நம் இரண்டு பேரையும்விட இளையது. என்னால் அதைச் சொல்ல முடியாது. அங்கே ரொட்டியைச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லப்போகிறேன்.

அப்பா சாப்பிடுகிறாரா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

சாப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சாப்பிடுகிறார். நடுவில் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் பட்டினி போடுகிறேன் என்று புகார் வேறு. எனக்கு ஊரில் நல்ல பெயர்!

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"உங்கம்மா எங்க போனா?"

"கடைக்குப் போயிருக்காப்பா."

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"நின்னு வருவாப்பா, அவளுக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்."

அவ்வளவுதான். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டார்.

இதை உன்னால் செய்ய முடியவில்லை அக்கா. அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும், "அம்மா செத்துப்போய் நாலு வருஷம் ஆச்சுப்பா" என்று பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அன்றைக்கு வந்த சேதி. மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை நீயும்தானே பார்த்தாய்? அன்றைக்கு உன்னை வீட்டை விட்டுப் போ என்று கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

அடுப்புக் கதை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. சொல்லாமல் இருப்பது உன் இஷ்டம். உடைக்காமல் இருந்தால் போதும்.

முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பாதே. ஆட்டுக்கார அம்மா நீ இரண்டாம் துண்டு எடுக்கிறாயா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். எடுத்துச் சின்னதாகக் கடி, பேச்சை மாற்று. புரொபசர் அம்மாவுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்?

சின்னவள்


மே 18

சின்னவளுக்கு,

உன் கடிதத்துக்குப் பல பதில்கள் எழுதிக் கிழித்தேன். மிஞ்சியது இது. அப்பா சர்வேயர். சங்கிலி பிடித்து அளக்காமல் ஒரு வேலி எங்கே நிற்கிறது என்றுகூடச் சொல்லாதவர். "கண்ணால பாத்துச் சொல்லாத, அளந்து சொல்லு" என்றுதான் என்னை வளர்த்தார். அவரிடம் பொய் சொன்னால், மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவரை இல்லாதவராக ஆக்குவது போல எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. அழவைத்தது தெரியும். அதை நீ எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

இங்கே சீசன் தொடங்கிவிட்டது. ஒரு நாள் ஓய்வு, மறுநாள் மலை. புது ஷூ போட்டு வந்து கொப்புளத்தோடு முணுமுணுப்பவர் ஒருவர், பால் ஆகாது என்று ஆட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றபிறகு சொல்பவர் ஒருவர், பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து சூப்பை வேடிக்கை பார்ப்பவர் ஒருவர். எந்தக் குழுவிலும் இந்த மூவரும் தவறாமல் இருக்கிறார்கள். போன வாரம் ஒருவர், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பாதிதான் வந்திருக்கிறோம் என்றேன். அவர் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பி நடத்துவதற்குள் சூப் ஆறிவிட்டது. வேன்காரர் சிரித்தார். "'இதோ வந்துடுச்சு'ன்னு சொல்லணும் மேடம். மலையிலே யாராச்சும் நிஜத்தைச் சொல்வாங்களா?"

சொல்ல வேண்டிய இன்னொன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ரொட்டிக்காரர் நீளத் துடுப்பால் ரொட்டியை எடுத்துக்கொண்டே தானே அந்தக் கதையைச் சொன்னார். கொள்ளுத் தாத்தா, அணையாத நெருப்பு எல்லாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண், பத்திரிகையில் வேலை செய்கிறவளாம், என் பக்கம் திரும்பி, "நீங்க வரலாறு படிச்சவங்கன்னு சொன்னாங்களே, இது உண்மையா மேடம்?" என்றாள். நேராகக் கேட்டுவிட்டாள். செங்கல்லைப் பார்த்தால் முப்பது நாற்பது வருடத்துக்கு மேல் இருக்காது, புகைபோக்கி சிமெண்டில் கட்டியது என்றேன். உரக்கச் சொல்லவில்லை. அந்த அறை சின்னது.

அவர் எல்லாருக்கும் ரொட்டி கொடுத்தார். வெண்ணெய் வைத்துக் கொடுத்தார். போகும்போது வேன்காரரிடம் மட்டும், "இனிமே வண்டியை இந்தப் பக்கம் திருப்பாத" என்றார்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

உனக்குப் பேசவே தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். எங்கே பேச வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

நான் இந்த வேலையைத் தொடங்கியபோது ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. கூட்டம் கூட்டமாக ஆளைக் கூட்டிவந்து வீட்டை அசிங்கம் பண்ணுவாய் என்றார்கள். முதலில் உள்ளே கூப்பிட்டவர் அவர். ஆட்டுக்கார அம்மா அவரைப் பார்த்துத்தான் சம்மதித்தார். அந்த மனிதரை எட்டுப் பேர் முன்னால், அவர் வீட்டிலேயே, அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யர் ஆக்கியிருக்கிறாய். கேட்டாள், சொன்னேன் என்கிறாய். அப்பாவும்தான் கேட்டார், நீ சொன்னாய்.

போ, போய் அவரைப் பார். எப்படியாவது சரிசெய்.

இங்கே ஒரு மாற்றம். அப்பா அம்மாவைக் கேட்பது குறைந்திருக்கிறது. இப்போது உன்னைக் கேட்கிறார். "பெரியவ எங்க?" நான் யோசிக்காமல், "மலைக்குப் போயிருக்காப்பா, சாயங்காலம் வந்துடுவா" என்றேன். பாதி உண்மைதானே! ஆனால் இது அம்மா விஷயம் மாதிரி இல்லை. அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றால் மறந்துவிடுகிறார். நீ சாயங்காலம் வருவாய் என்றால் சாயங்காலத்துக்காக நாற்காலியை வாசலில் போட்டுக்கொள்கிறார். இருட்டினால் உள்ளே வர மாட்டேன் என்கிறார். "மலையிலேர்ந்து தனியா வருவா, நீ உள்ள போ." இப்போதெல்லாம் கையைப் பிடித்து இழுத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. கனமான மனிதர்.

சின்னவள்


ஆகஸ்ட் 11

சின்னவளுக்கு,

இரண்டு தடவை போனேன். முதல் தடவை, மாவு பிசைகிறேன், அப்புறம் வாருங்கள் என்றார். அப்புறம் போனேன். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மழை எப்போது வரும் என்று பேசினார். நான் தொடங்கியதும் எழுந்து போய்விட்டார். மரியாதையாகக் கதவைச் சாத்தத் தெரிந்தவர்.

இப்போது கடையில் ரொட்டி வாங்கி, இறக்கத்தில் பெரிய பாறைமேல் வைத்து வெட்டிக் கொடுக்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை. வாயில் போட்டுக்கொண்டு செல்போனைப் பார்க்கிறார்கள். முன்பு ரொட்டிக்காரர் அறையில் யாரும் செல்போனை எடுத்ததில்லை.

களைப்பாக இருக்கிறது. ஒரே பாதை, ஒரே கேள்விகள், மறுபடியும் அதே சூப். ஒவ்வொரு முறையும் முதல்முறை சாப்பிடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் நீ இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன்.

அப்பா கேட்பது என்னைத்தானா? பள்ளிக்கூடம் போன பெண் இன்னும் வீடு திரும்பவில்லை என்று காத்திருக்கிறாரோ என்னவோ. நான் வந்து முன்னால் நின்றால், யார் இந்த அம்மா என்று கேட்கலாம். அதையும் யோசித்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன், கை வலிக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் துணி காயப்போடுகிற நேரத்தில் அப்பா உன்னைத் தேடி வெளியே போய்விட்டார். பெரிய ரோடு வரைக்கும். பெட்ரோல் பங்க்கில் இருந்தவர்கள் உட்கார வைத்திருந்தார்கள். "பொண்ணு மலையிலே மாட்டிக்கிட்டா, யாராச்சும் விளக்கு எடுத்துட்டு வாங்க" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். இழுத்துக் கொண்டுவந்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தரையில் படுத்தபடி அவருக்குச் சமைப்பது எப்படி என்று யோசித்தேன்.

முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருக்கிறது. சன்னலுக்கெல்லாம் கம்பி. மார்ச்சில் ஒரு இடம் காலியாகுமாம். புது வருடம் பிறந்ததும் பதில் கேட்கிறார்கள்.

இன்னொரு வருடம் என்னால் முடியாது. நீ வந்தால் அவர் வீட்டில் இருப்பார். நீ வராவிட்டால் அங்கே போவார். வேறு வழி இருந்தால் நீயே சொல்.

வருவதானால் ஒரு நிபந்தனை உண்டு. என்ன என்று உனக்கே தெரியும். அவர் அம்மாவைக் கேட்கிற நாள் மறுபடி வரும்.

சின்னவள்


நவம்பர் 14

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் வேறு ஏதாவது வேலை ஞாபகம் வருகிறது. இன்றைக்கும் கேட்டதற்குப் பதில் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சீசனின் கடைசிக் குழு. தலைக்குமேல் வாளியைக் கவிழ்த்த மாதிரி மழை. குழுவில் வயதான ஒரு அம்மா, உதடு நீலமாகி நடுங்கத் தொடங்கிவிட்டார். வேன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அந்த இறக்கத்தில் கூரை என்று இருப்பது ரொட்டிக்காரர் வீடு மட்டும்தான். கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "உள்ள வாங்க" என்றார்.

அறை சில்லென்று இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அவருக்குத் தோள்பட்டை வலி, சில நாளாக மூட்டவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

கண்ணாடி போட்ட உயரமான மனிதர் ஒருவர், உன் ஆபீஸ் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் படித்துவிட்டு வந்தவர், "அணையாத அடுப்புன்னு போட்டிருந்துச்சே, இதுவா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. குளிரில் கேட்டார்.

ரொட்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. 'சொல்லு, உனக்குத்தான் அது நன்றாக வருமே' என்கிற பார்வை.

நான் அடுப்பு வாயில் குனிந்து சாம்பலுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டேன். ஈர மண்ணைப் போலச் சில்லென்று இருந்தது. "அடியில தணல் இருக்கு, மேலதான் ஆறிப்போயிருக்கு" என்றேன்.

அந்த உயரமான மனிதர் ஈரக் கையுறையைக் கழற்றினார். இரண்டு உள்ளங்கைகளையும் அடுப்புக்கு நேரே நீட்டினார். "ஆமா, சூடு தெரியுது" என்றார். அவருக்குப் பக்கத்தில் அந்த அம்மா வந்து கையை நீட்டினார். பிறகு ஒவ்வொருவராக. எட்டுப் பேரும் அந்த அணைந்த அடுப்பைச் சுற்றிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ரொட்டிக்காரர் சுள்ளிகளை எடுத்துவந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தீக்குச்சியை உடம்பால் மறைத்துக்கொண்டு கிழித்தார்.

அவர்கள் பழைய ரொட்டியை வாட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கம் வந்தார்.

"கை கழுவிக்குங்க டீச்சர். மூஞ்சியிலயும் சாம்பல் அப்பியிருக்கு."

"சரிங்க."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல. தணல்ல கைய விட்டவங்க அப்படியா சாவகாசமா வச்சுக்கிட்டு இருப்பாங்க? வெடுக்குன்னு எடுக்க வேணாமா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"எல்லாருக்கும் எப்பவும் தெரியும். உங்களுக்குத்தான் அவங்களுக்குத் தெரியும்கிறது தெரியல."

அடுத்த சீசனில் வண்டியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார். அதனால் உன் வேலை தப்பியது. பெருமையாக இதை எழுதவில்லை. அப்பா சுற்றுலா வந்தவர் இல்லை, மழை விட்டதும் வேன் ஏறிப் போய்விட மாட்டார். ஒருநாள் சொல்வது வேறு. நாள் தவறாமல், அவர் முகத்தைப் பார்த்து, அதையே சொல்வது எனக்கு முடியுமா என்று தெரியவில்லை.

முதுகு எப்படி இருக்கிறது?

அக்கா


டிசம்பர் 5

அக்கா,

முதுகு முதுகாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் நின்று சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்ற இடத்தில் வேறு ஏதோ வந்தது. அதை விடு.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தப்புதான், ஆனால் வாசலில் உட்கார்ந்து மலை மலை என்று பிடிவாதம். பெரியவள் எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று மழையிலிருந்து தொடங்கினேன். நீ கையை விட்ட இடம்வரை வாசித்தேன். சில்லென்று இருந்தது என்பதையும் வாசித்தேன், மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உள்ள தணல் இருந்திருக்கும்."

"இல்லப்பா, சில்லுன்னு இருந்துச்சுன்னு அவளே எழுதியிருக்கா."

"இருந்துச்சுன்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"அப்ப இருந்திருக்கும். பெரியவ அளக்காம சொல்ல மாட்டா."

அன்றைக்கு மட்டும் தானாக எழுந்து உள்ளே வந்தார்.

அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னால் அவர் என்னைப் பாதிதான் நம்புகிறார் அக்கா. எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தானே, பல்லி விழுந்தது என்று சொல்லிப் பரீட்சைக்குப் போகாதவள்! அதனால்தான் அவர் மறுபடி மறுபடி கேட்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் அம்மாவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இல்லத்திலிருந்து ஒருதடவை போன் வந்தது, ஜனவரிக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். உன்னை நெருக்கவில்லை. பொய். நெருக்குகிறேன்.

சின்னவள்


ஜனவரி 20

சின்னவளுக்கு,

இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மார்ச் முதல் வாரம் வருகிறேன். வருகிற தேதியை அப்பாவிடம் சொல்லாதே, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நீ இங்கே வந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியவை: வேனுக்குப் பின்பக்கக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. ஆட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டில் அவரை இறங்கவிடாதே, நீங்களே தட்டை வாங்கிக்கொள்ளுங்கள். உச்சிக் குடிசைக்காரர் சூப்பில் உப்பைக் குறைத்திருக்கிறார், டாக்டர் சொன்னாராம், அவருடைய டாக்டர் அவருக்குச் சொன்னது, எல்லாரும் சேர்ந்து அனுபவிக்கிறோம். ரொட்டிக்காரருக்குத் தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, துடுப்பை நீ வாங்கிக்கொள். அறைச் சன்னலைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன், யாரும் வரவில்லை.

என் பயம் வேறு என்று இப்போது சொல்லலாம். நான் சொன்னால் அவர் நம்பாமல் போவார் என்று நான் பயப்படவில்லை. நம்பிவிடுவார். இத்தனை வருடம் அளந்து சொல்லிச் சேர்த்துவைத்த நம்பிக்கையை முழுக்க அந்த ஒரு பொய்க்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு மாதமாக அதைத்தான் யோசித்தேன். வேறு எதற்காக அதைச் சேர்த்துவைத்தேன் என்று யோசித்தபோது எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். எந்தக் கடை? என்ன வாங்க? நடந்தா, பஸ்ஸிலா? வழியில் யாராவது வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாளா? அவர் சர்வேயர், என்னிடம் இதையெல்லாம் கேட்பார். நான் வந்து வேறு கடையைச் சொல்லிவிடக் கூடாது. விவரமாக எழுது.

அக்கா